வந்தேன் என்று சொன்னவன்

எங்கள் பள்ளியில் ஒரு பையன் படகுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று சிகரெட் பிடிக்கலாம், ஆற்றில் துணியில்லாமல் குதிக்கலாம், தலைமையாசிரியரின் நாய்க்கு பீர் ஊற்றிக் கொடுக்கலாம். எல்லாம் நடந்திருக்கிறது. பிடிபட்டால் சனிக்கிழமை முழுக்க மைதானத்தில் இலை வார வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வாயைத் திறந்து ஒரு பொய் சொன்னால் அன்று இருட்டுவதற்குள் பெட்டி கட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அழுதாலும் நடக்காது, அப்பா கவர்னராக இருந்தாலும் நடக்காது. இன்னொருவன் சொன்னது பொய் என்று தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தவனுக்கும் அதே கதிதான். இதற்குக் கண்ணிய விதி என்று பெயர்.

செயின்ட் ஆஸ்மண்ட் பள்ளி எபிஸ்கோபல் என்ற கிறிஸ்தவ சபையினுடையது. வர்ஜீனியாவின் பழைய குடும்பங்கள் தாத்தா காலத்திலிருந்து பையன்களை இங்கே அனுப்புகின்றன. பரீட்சை அறையில் ஆசிரியர்கள் நாங்கள் யாரும் காவல் நிற்பதில்லை. விடுதி அறைக் கதவுகளுக்குப் பூட்டு கிடையாது. ஒருவன் ஒன்றைச் சொன்னால் அது நடந்ததுதான், மறுபேச்சு இல்லை. வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து வாய் பிளப்பார்கள். எங்கள் தலைமையாசிரியர் டாக்டர் வார்ஃபீல்டுக்கு அந்தப் பிளந்த வாய்களைப் பார்ப்பதில் தனி மகிழ்ச்சி. நான் இங்கே சரித்திரம் நடத்துகிறேன். ஆண்பிள்ளைகள் பள்ளியில் முதன்முதலாக வேலைக்கு வந்த பெண்பிள்ளை நான், வாய் கொஞ்சம் நீளம். கண்ணியக் குழு என்று பதினேழு வயதுப் பையன்கள் ஏழு பேர் உட்கார்ந்து இன்னொரு பதினேழு வயதுப் பையனின் தலையெழுத்தை எழுதுவது சரியில்லை என்று ஆசிரியர் கூட்டத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். "வின்னி ஆரம்பிச்சிட்டா" என்று சிரிப்பார்கள். காபி வந்துவிடும்.

லைல் டன்ஸ்டல் மட்டும் சிரிக்க மாட்டார். அவர் பள்ளியின் குருவானவர். இதே பள்ளியில் படித்து, குருமடத்துக்குப் போய், இங்கேயே திரும்பி வந்தவர். கண்ணிய விதியை அவர் உண்மையிலேயே நம்பினார். "வின்னி, ஒரு இடத்துலயாவது மனுஷன் சொல்றதை அப்படியே நம்பலாம்னு இருக்கட்டுமே. உலகத்துல அது ஒண்ணும் சின்ன விஷயம் இல்ல" என்பார். அவர் சொல்லும்போது எனக்கே நியாயமாகப்படும். வீட்டுக்குப் போனதும் கோபம் வரும்.

அவருடைய மனைவி எலினோர் என் சிநேகிதி. இந்த ஊரில் என்னோடு சேர்ந்து சத்தமாகச் சிரித்த ஒரே பெண் அவள்தான். பிப்ரவரியில் புற்றுநோயில் போய்விட்டாள். பள்ளி ஆலயத்தில் லைலே ஆராதனை நடத்தி, ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார். ஒரே மகன் கோல்பி, அப்போது பதினாறு வயது. குரலே எழுப்பாத பையன். அன்றிலிருந்து அப்பனும் மகனும் ஒருவர் மனம் நோகாமல் இருக்க இன்னொருவர் வாயை மூடிக்கொண்டு வாழ்ந்தார்கள். கோல்பி விடுதியில் தங்கினான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் வளாகத்துக்குள்ளேயே இருந்த அப்பாவின் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வருவான். இரண்டு பேரும் அவளைப் பற்றிப் பேசுவதே இல்லை என்று எனக்குத் தெரியும். ஒருநாள் அந்தச் சாப்பாட்டுக்கு நானும் போயிருந்தேன். உப்பைக் கொடு, நன்றி, மழை வரும்போல, ஆமாம்பா.

நவம்பர் முதல் ஞாயிறு, சகல பரிசுத்தவான்களின் ஞாயிறு. அந்த வருஷம் இறந்துபோனவர்களின் பெயர்களை மாலை ஆராதனையில் குருவானவர் வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் மணி ஒருமுறை அடிக்கும். லைல் எல்லாப் பெயர்களையும் ஒரே குரலில் வாசித்தார். எலினோரின் பெயரையும் அதே குரலில்தான் வாசித்தார். நான் முன் வரிசையில் கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். பின்னால் யார் இருந்தார்கள், யார் இல்லை என்று பார்க்கிற நிலையில் இல்லை.

கோல்பி அங்கே இல்லை. அப்பாவின் வாயால் அம்மாவின் பெயர் செத்தவர்களோடு வருவதைக் கேட்க முடியாமல் ஆற்றங்கரைக்கு இறங்கிப் போய், படகுக் கொட்டகையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மேல் உட்கார்ந்துவிட்டான். குற்றமென்று பார்த்தால் இது ஒன்றுமில்லை. ஆராதனைக்கு வராதவனுக்கு இலை வாருவதுதான் தண்டனை.

ஆனால் வருகைப்பதிவு எடுக்கிற முறை ஒன்று இருக்கிறதே, அதுதான் பிள்ளையைத் தின்றது. எங்களிடம் வருகைப்பதிவேடு கிடையாது. இரவுச் சாப்பாட்டில் ஒவ்வொரு மேசைக்கும் ஒரு மூத்த மாணவன் தலைவன். அவன் ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கேட்பான், இவன் பதில் சொல்ல வேண்டும். நானும் கோல்பியும் உட்காரும் மேசைக்கு ஹ்யூ மெர்சர் தலைவன். கண்ணியக் குழுவுக்கும் அந்த வருஷம் அவன்தான் தலைவன்.

"டாப்னி, ஆராதனை?"

"வரல."

மேசை முழுக்க ஒரு 'ஓ' போட்டது.

"ஏன்டா?"

"தூங்கிட்டேன்."

"நீ வந்தாலும் அங்க தூங்கத்தான போற. அதை மெத்தையிலயே முடிச்சிட்ட, புத்திசாலி. சனிக்கிழமை இலை வாரு ராசா."

டாப்னி எழுந்து நின்று மகாராஜா மாதிரி தலை குனிந்து வணங்கினான். வரவில்லை என்று ஒப்புக்கொள்வதில் அவர்களுக்கு ஒரு பெருமையே உண்டு. அடுத்தது கோல்பி. ஹ்யூ குரலைத் தணித்தான்.

"கேக்கணுமேன்னு கேக்குறேன்டா. ஆராதனை?"

"வந்தேன்" என்றான் கோல்பி.

அவனுக்குப் பின்னால் சூடான சோளரொட்டித் தட்டோடு நின்றுகொண்டிருந்தவன் ஏமஸ் ஸ்டில்ட்னர். கோல்பியின் அறைத்தோழன். தென்மேற்கு மூலையில் நிலக்கரிச் சுரங்கம் இருக்கும் மலைக்காட்டிலிருந்து உதவித்தொகையில் வந்த பையன். சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுவது அவன் வேலை. அதனால் அவனுக்கு மாலை ஆராதனையிலிருந்து விலக்கு உண்டு. மற்ற பையன்கள் அவனை 'சுரங்கம்' என்று கூப்பிடுவார்கள். "சுரங்கம், கை கழுவினியா? ரொட்டி கறுப்பா இருக்கே." அவனும் சும்மா விடமாட்டான். "அது கருகினது சார், உங்க மூளை மாதிரி" என்பான். கோல்பி மட்டும் மூன்று வருஷமாக ஏமஸை ஏமஸ் என்றுதான் கூப்பிட்டான். அன்று ஏமஸ் தட்டை மேசையில் வைத்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் சமையலறைக்குள் போனான்.

மணி அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் சமையலறைக் கழிவைக் கொட்ட ஆற்றுப் பக்கம் போனவன் அவன். கோல்பியைப் பார்த்திருக்கிறான். பேசியும் இருக்கிறான். "குளிருதுடா, கோட்டு எடுத்துட்டு வரட்டா?" என்று கேட்டானாம். வேண்டாம் என்றானாம் கோல்பி.

விதி என்னவென்றால், பொய்யைக் கண்டவன் முதலில் பொய் சொன்னவனிடமே போய்ச் சொல்ல வேண்டும். நீயே போய் ஒப்புக்கொள் என்று ஒரு நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். ஒப்புக்கொண்டாலும் வெளியேற வேண்டியதுதான், ஆனால் மரியாதையோடு. என்ன மரியாதையோ. ஏமஸ் திங்கட்கிழமை காலையில் படுக்கையில் உட்கார்ந்தபடி கோல்பியிடம் பேசினான். பிற்பாடு அவனே எனக்குச் சொன்னது இது.

"ஏன்டா அப்படிச் சொன்ன? வரலைன்னு சொல்லியிருந்தா ஒரு சனிக்கிழமையோட போயிருக்கும். நானே உன்கூட வந்து வாரியிருப்பேன்டா."

"வரலைன்னா அப்பாவுக்குத் தெரிஞ்சிடும். அம்மா பேரைப் படிக்கிறப்ப நான் அங்க இல்லைன்னு தெரிஞ்சிடும். அவரு தாங்க மாட்டாரு ஏமஸ்."

"இப்ப தாங்குவாரா?"

ஏமஸ் அவன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியிருக்கிறான். "நீ போய்ச் சொல்லலைன்னா நான் சொல்லணும்டா. சொல்லலைன்னா நானும் போகணும். எங்கம்மா பள்ளிக்கூடப் பேரு போட்ட சட்டையை ஊரெல்லாம் காட்டி வச்சிருக்கு. எனக்குத் திரும்பிப் போறதுக்கு அந்தச் சுரங்கத்தை விட்டா வேற இடம் இல்ல."

"தெரியும். நீ சொல்லு. நான் உன்மேல கோபப்பட மாட்டேன்" என்றானாம் கோல்பி.

மறுநாள் காலை வரை ஏமஸ் காத்திருந்தான். பிறகு ஹ்யூவிடம் போனான்.

விசாரணை புதன்கிழமை மதியம், நூலகத்தின் மாடி அறையில். ஏழு பையன்கள், நீலக் கோட்டு, ஒரே மாதிரி கழுத்துப்பட்டை. அந்த வருஷம் ஆசிரியர் தரப்பில் பார்வையாளர் நான். பார்வையாளர் பேசக்கூடாது, வாக்கும் கிடையாது. பெரியவர் ஒருவர் அறையில் இருந்தார் என்று பிற்பாடு சொல்லிக்கொள்வதற்கு ஒரு நாற்காலி. ஆராதனைக்கு வராததை மறைத்ததற்குப் பள்ளியை விட்டு அனுப்பப்போகிறார்கள், அதுவும் குருவானவரின் மகனை, அதுவும் தாயில்லாத பிள்ளையை. வெளியேற்றப்பட்டவன் மறுபடி வளாகத்தில் கால் வைக்கக்கூடாது என்பதும் விதி. மற்ற பையன்கள் தங்கள் வீட்டுக்குப் போவார்கள். கோல்பியின் வீடு வளாகத்துக்குள் இருக்கிறது. அவன் அம்மாவின் கல்லறையும் வளாகத்துக்குள் இருக்கிறது. அன்று அவனிடமிருந்து போகவிருந்தது பள்ளி மட்டுமா?

ஏமஸ் நின்று, பார்த்ததைச் சொன்னான். கொட்டகை, படகு, மணிச்சத்தம். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவனைக் கடைசியில்தான் கேட்பார்கள். அதற்குள் கதவு தட்டப்பட்டது. லைல் உள்ளே வந்தார்.

ஹ்யூ எழுந்து நின்றான். "சார், நீங்க—"

"நான் ஒண்ணு சொல்லணும் ஹ்யூ. கேப்பீங்களா?"

யார் மறுப்பார்கள்? ஒவ்வொரு செப்டம்பரும் அந்த ஏழு பேரையும் ஆலயத்தில் நிற்கவைத்துக் கண்ணிய உறுதிமொழி வாங்கியவரே அவர்தான். லைல் மேசை முனையில் நின்றார். கழுத்தில் வெள்ளைப்பட்டை. முகச்சவரத்தில் தாடைக்குக் கீழே வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை நான் பிரசங்க பீடத்துலேர்ந்து எல்லாரையும் பார்த்துட்டுத்தான் இருந்தேன். கோல்பி கடைசி வரிசையில, தூணுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தான். அவங்க அம்மா பேரை வாசிக்கிறப்ப நான் அவனைத்தான் பார்த்தேன்."

லைல் பொய் சொல்லி நான் கேட்டதேயில்லை. அதனால் பொய் சொல்லும்போது அவர் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வழக்கமான குரலில்தான் இருந்தது. ஒரு நொடி நானும் நம்பினேன். அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஏழு பையன்களும் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அவர்களில் ஒருவனுக்கும் கோல்பியை அனுப்ப மனமில்லை.

"நன்றி சார்" என்றான் ஹ்யூ. அவன் முகத்தில் சிரிப்புக்கூட வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியில் நின்றது. மெதுவாகத் திரும்பி ஏமஸைப் பார்த்தான்.

அப்போதுதான் அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் உறைத்தது. லைலுக்கும் அப்போதுதான் உறைத்தது, சத்தியமாகச் சொல்வேன். அந்த அறையில் ஒருவர் சொன்னால் அது நடந்ததுதான். லைல் சொன்னது நடந்தது என்றால் ஏமஸ் சொன்னது நடக்கவில்லை. தோழன் மேல் பொய்க்குற்றம் சாட்டியவனுக்கு என்ன தண்டனை என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தன் மகனுக்காக நாற்பது வருஷ நாணயத்தை அள்ளிக்கொடுக்க வந்த மனுஷன், இன்னொருத்தி மகனின் கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டார்.

ஹ்யூ நல்ல பையன். தப்பிக்க ஒரு வழி காட்டினான்.

"ஏமஸ், அந்த நேரத்துல வெளிச்சம் கம்மியா இருந்திருக்கும் இல்ல?"

"கம்மிதான்."

"தூரத்துலேர்ந்து பார்த்திருப்ப. வேற யாரையாவது பார்த்துட்டு கோல்பின்னு நினைச்சிருக்கலாம். அது பொய் இல்ல. தப்பாப் பார்த்தது. யாருக்கும் நடக்கும். அப்படி இருக்குமாடா?"

எல்லோரும் ஏமஸின் வாயையே பார்த்தோம். ஆமாம் என்று ஒரு சொல் போதும். கோல்பி பிழைப்பான், இவனும் பிழைப்பான், லைலும் பிழைப்பார். சொல்லுடா, சொல்லித்தொலைடா என்று என் மனம் கத்தியது. ஏமஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான். உள்ளங்கைகளை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

"இல்ல" என்றான். "கோல்பிதான். நான் அவன்கிட்டப் பேசினேன். கோட்டு வேணுமான்னு கேட்டேன்."

இந்தப் பள்ளிக்கு வந்துதான் அப்படி ஆனானா, அந்த மலைக்காட்டிலேயே அப்படிப் பிறந்தானா, தெரியவில்லை. இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்கு அவன் அம்மா என்ன பாவம் செய்தாளோ என்றுதான் எனக்குத் தோன்றியது.

"அப்ப குருவானவர் பொய் சொல்றாருன்னு சொல்றியா?" என்றான் ஓரத்தில் இருந்த ஒருவன்.

"நான் யாரைப் பத்தியும் சொல்லல. நான் பார்த்ததைச் சொன்னேன்."

லைல் வாயைத் திறந்தார். எதுவும் வரவில்லை. மூடிக்கொண்டார். மேசை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். ஹ்யூ கண்ணை மூடித் திறந்தான். "ஏமஸ் ஸ்டில்ட்னர்" என்று முழுப்பெயரைச் சொல்லி ஆரம்பித்தான். முழுப்பெயரில் ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று எங்களுக்குத் தெரியும்.

கோல்பி எழுந்து நின்றான்.

"ஏமஸ் சொன்னது உண்மை. நான் ஆலயத்துல இல்ல. வந்தேன்னு பொய் சொன்னேன்." பிறகு அப்பாவைப் பார்க்காமல், "எங்கப்பா சொன்னதும் உண்மை இல்ல" என்றான்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொல்லாமல் விட்டிருக்கலாம். முதல் வாக்கியமே போதுமானதாக இருந்தது. ஆனால் கேட்ட பொய்யை வாய்மூடி விடக்கூடாது என்றுதானே இத்தனை வருஷம் இவனுக்குச் சோறு போட்டு வளர்த்தோம்? அவன் அதையும் சொன்னான். ஏழு பையன்களில் இரண்டு பேர் அழுதுகொண்டே கை தூக்கினார்கள். வெளியேற்றத்துக்கு ஏழு கைகளும் உயர்ந்திருந்தன.

அதன் பிறகு நடந்ததைக் கேட்டால் உங்களுக்கு இன்னும் நன்றாக இருக்கும். லைல் நேராக டாக்டர் வார்ஃபீல்டின் அறைக்குப் போனார். நானும் கூடவே போனேன், என்னை யாரும் கூப்பிடவில்லை. மகனின் இடம் காலியாக இருந்ததைப் பிரசங்க பீடத்திலிருந்தே பார்த்ததாகவும், பார்த்துக்கொண்டேதான் எலினோரின் பெயரை வாசித்ததாகவும் லைல் சொன்னார். அப்பாவுக்குத் தெரியக்கூடாது என்று பிள்ளை எதற்காகப் பொய் சொன்னானோ, அது அப்பாவுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.

"என்னையும் அனுப்புங்க" என்றார் லைல்.

வார்ஃபீல்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லைல், உட்காருங்க. கண்ணிய விதி மாணவர்களுக்குத்தான். ஆசிரியர்களுக்குன்னு அதுல ஒரு வரியும் இல்ல."

"நான் அந்தப் பிள்ளைங்க முன்னாடி பொய் சொல்லியிருக்கேன்."

"நீங்க பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். ஒரு அப்பா. எல்லாருக்கும் புரியும். ரெண்டு வாரம் ஓய்வு எடுங்க. அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி வாங்க."

"அப்ப அந்தப் பையனுக்கு மட்டும் புரியாதா?" என்று நான் கத்தினேன். "அவன் அம்மாவைப் பறிகொடுத்தவன் இல்லையா? அவனுக்கு ரெண்டு வாரம் ஓய்வு கிடையாதா?"

"மிஸ் ஆஷ்லாக், அது குழுவோட தீர்ப்பு. பையன்கள் எடுத்த முடிவுல நாம தலையிட்டா இத்தனை வருஷப் பாரம்பரியத்துக்கு என்ன அர்த்தம்?"

பாரம்பரியத்தைத் தூக்கி ஆற்றில் போடு என்றேன். இன்னும் சிலதும் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. ஒன்றும் நடக்கவில்லை. பொய் சொன்ன பெரியவர் இருந்துகொண்டார். அம்மா பெயரைக் கேட்கமுடியாத பிள்ளை போனான்.

ஏமஸைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை வைத்துக்கொண்டு இழுக்க எனக்குப் பொறுமையில்லை. அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று குழு சொன்னது. மறுநாள் முதல் அவன் தட்டோடு வந்தால் மேசைகள் பேச்சை நிறுத்தின. 'சுரங்கம்' என்று கேலி செய்யக்கூட ஒருவரும் இல்லை. விதிப்படி நடந்தவனை யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை, ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. கோல்பி கொடுத்த விலைக்கு எங்கள் பள்ளி ஏமஸுக்கு அந்த ஆறு வாரத்தைத்தான் கொடுத்தது.

வெளியேற்றப்பட்டவனை ஓர் ஆசிரியர் ரயிலுக்குக் கொண்டுபோய் விடுவது வழக்கம். அப்பா இருக்கும்போது வேறு ஆசிரியர் எதற்கு என்று எல்லோரும் நினைத்தார்கள். கோல்பி என் கதவைத் தட்டினான்.

"மிஸ், நீங்க கொண்டுபோய் விடுறீங்களா? பால்டிமோர்ல அத்தை வீட்டுக்குப் போறேன். போன்ல பேசிட்டேன்."

"அப்பா கேக்கலையாடா?"

"கேட்டாரு. நீங்க வாங்க மிஸ்."

ஒரு பெட்டியும் ஒரு கோட்டும். அவ்வளவுதான் அவன் எடுத்துக்கொண்டது. காரில் உட்கார்ந்ததும் என்னைப் பார்க்காமல் சொன்னான்: "அப்பா அப்படிச் சொன்னப்ப எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு மிஸ். எனக்காக அவரு எதுவும் பண்ணுவாருன்னு தெரிஞ்சுது. அம்மா போனதுக்கப்புறம் அன்னிக்குத்தான் அவரு என்கூட இருந்த மாதிரி இருந்துச்சு."

சாவியைத் திருகினேன். அப்போது லைல் ஓடிவந்தார். கோட்டுகூடப் போடவில்லை. கோல்பி பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார். அவன் இறக்கினான்.

"நானும் வரேன்டா. என்னால இங்க இருக்க முடியாது. ரெண்டு சட்டையை எடுத்துட்டு வந்துடறேன். வின்னி, கொஞ்சம் இரு, ஓடிட்டு வந்துடறேன். அத்தை வீட்டுல ரெண்டு பேரும் இருப்போம். அப்புறம் எங்கயாவது ஒரு வேலை பார்த்துக்கறேன். நாம ரெண்டு பேரும் இருப்போம், என்ன?"

அவர் முகத்தில் பல மாதமாகக் காணாத உயிர் வந்திருந்தது. கோல்பி கை கதவின் பிடிக்குப் போனதை நான் பார்த்தேன். இறங்கி அப்பாவைக் கட்டிக்கொள்வான் என்று நினைத்தேன். இறங்கவில்லை.

"அப்பா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"நான் எழுந்திருக்கலைன்னா ஏமஸை அனுப்பியிருப்பாங்க. நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

லைல் காரின் கூரைமேல் ஒரு கையை வைத்தார். நான் அதிகம் ஜெபம் செய்கிறவள் இல்லை. அன்று செய்தேன். பொய் சொல்லு லைல், இந்த ஒரு தடவை பொய் சொல்லு, உடனே எழுந்து உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று சொல்லு. யார் உன்னைக் கேட்கப்போகிறார்கள்? உன் பிள்ளை உனக்காகக் காத்திருக்கிறான், அவன் நம்புவான்.

"சும்மா இருந்திருப்பேன்" என்றார் லைல்.

கோல்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு அப்பவே புரிஞ்சுதுடா. ஹ்யூ அந்தப் பையன் பக்கம் திரும்பினப்பவே புரிஞ்சுது. வாயைத் திறந்தேன், சொல்ல வரல. நீ போயிடுவியேன்னு இருந்துச்சு. சும்மாதான் இருந்திருப்பேன்."

"அவன் என் ஃப்ரெண்டுப்பா."

"தெரியும்."

"அவனுக்கு இதை விட்டா வேற ஒண்ணும் இல்லைன்னும் தெரியும்."

"தெரியும்" என்றார் லைல்.

கோல்பி தலையை மெதுவாக ஆட்டினான். அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் இந்த அளவுக்கு உடைந்திருக்க மாட்டேன்.

"சட்டையெல்லாம் எடுக்க வேணாம்பா. நீங்க இங்கயே இருங்க."

கண்ணாடியை ஏற்றினான். "போலாம் மிஸ்" என்றான். லைலின் கை இன்னும் கூரைமேல் இருந்தது. அவர் எடுப்பார் என்று காத்திருந்தேன், எடுக்கவில்லை. நான் மெதுவாக வண்டியை நகர்த்தினேன். கை தானாக வழுக்கி விழுந்தது.

சாப்பாட்டு மணி அடித்தது. வளைவில் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். விடுதிகளிலிருந்து பையன்கள் நீலக் கோட்டுகளோடு சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கோட்டில்லாமல் சரளைக்கல் பாதையின் நடுவில் நின்றவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளைகள், ஒவ்வொருவனும் அவருக்கு 'குட் ஈவினிங் சார்' சொன்னான். அவரும் ஒவ்வொருவனுக்கும் பதில் சொல்லிக்கொண்டு நின்றார்.